உட்கார முடியாத சோமேசர்

கதைக்குக் கால் இல்லை, கொழுக்கட்டைக்குத் தலை இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் ஏது ஊசிமருந்து என்று யாரும் குறுக்கே கேட்கக் கூடாது. முன்னொரு காலத்தில் கனகபுரியைப் பராங்குசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம்.

அவனுடைய சின்ன மகள் செண்பகவல்லி திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், துரும்பாக இளைத்தாள். வைத்தியர் பார்த்துவிட்டு, "குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய், அரசே. தினமும் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வாள்" என்றார். குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் ராஜாவுக்கு மனம் ஆறவில்லை. "யாரால் வந்தது?" என்று சபையே நடுங்கக் கத்தினான்.

இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார் சபையோரில் ஒருவரான சோமேசர். மந்திரி அம்பலவாணர்மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "மடைப்பள்ளி வடிவாம்பாள்தான் காரணம்! அவள் ஊட்டிய அதிரசம்தான் குழந்தையைக் கெடுத்தது. அவளை வேலைக்கு வைத்தது யார்? நம் மந்திரி!"

வடிவாம்பாளை நாடு கடத்தச் சொல்லி ராஜா வாயெடுத்துவிட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தன் கையால் ஊட்டி வளர்த்த குழந்தை அல்லவா? இந்தக் கைதான் குழந்தையைக் கெடுத்ததோ என்ற நினைப்பே அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"பொறுங்கள் அரசே" என்றார் மந்திரி. "குற்றம் சொன்னவர் அதை நிரூபிக்கும்வரை உட்காரக் கூடாது என்பது நம் சபை வழக்கம். சோமேசர் நிற்கட்டும். திருவிழாவுக்குப் பல தேசத்துத் தூதர்கள் வந்திருக்கிறார்கள். இந்த நோய் அங்கெல்லாம் எப்படி என்று அவரே விசாரிக்கட்டும்."

"தாராளமாக!" என்று சோமேசர் மீசையை முறுக்கினார்.

வடகோடிப் பனிநாட்டுத் தூதர் எழுந்தார். "எங்களிடம்தான் எல்லாரையும்விட அதிகம், ஐயா."

"தினமும் அதிரசமோ?"

"அதிரசமா? அப்படியென்றால் என்ன? நாங்கள் மீனும் கறுப்பு ரொட்டியும் தின்கிறவர்கள்."

வடிவாம்பாள் மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"அப்படியானால் குளிர்தான் காரணம்!" என்றார் சோமேசர்.

"எங்கள் தீவில் வெயில் மண்டையைப் பிளக்கும்" என்றார் இன்னொரு தூதர். "எங்களிடமும் ஏறக்குறைய அதே அளவு குழந்தைகளுக்கு இந்த நோய்."

"அப்போ பரம்பரை! ரத்தம்!"

பனிநாட்டார் தலையாட்டினார். "அதுவும் கொஞ்சம் உண்டு என்பார்கள். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் எங்கள் பங்காளிகள்தான். அதே முன்னோர், அதே குளிர். அங்கே எங்களைவிட எவ்வளவோ குறைவு."

ராஜாவின் கோபம் எங்கே போயிற்றோ, வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான். "ஒரே நோய், ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விதம், அந்தப் பக்கம் ஒரு விதமா! இது யார் போட்ட கணக்கப்பா?" என்றான்.

அப்போது ஒரு தூரதேசத்துத் தூதர் பெருமையாக, "எங்கள் நாட்டில் ஒரு குழந்தைக்குக்கூட இல்லை!" என்றார்.

"பார்த்தீர்களா, இவர்கள் நல்லபடி வளர்க்கிறார்கள்!" என்று துள்ளினார் சோமேசர்.

மந்திரி மெதுவாகக் கேட்டார்: "தண்ணீர் தண்ணீர் என்று தவித்து, இளைத்து, மயங்கி விழும் குழந்தைகள் உங்கள் ஊரில் உண்டா?"

"அங்கங்கே உண்டே. விஷக்காய்ச்சல் என்போம்."

"பிறகு?"

"பிழைப்பதில்லை."

"அங்கேயும் நோய் இருக்கிறது, அரசே. இல்லாதது அதை அடையாளம் காணும் வைத்தியர்" என்றார் மந்திரி.

வடிவாம்பாள் வாய்விட்டு அழுதாள். "ஐயோ, என்ன நோவுன்னு தெரியாமலே செத்துப்போச்சுங்களே அந்தப் பிள்ளைங்க!"

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்தான். அந்தத் தூதரின் கப்பலிலேயே வைத்தியர்களையும் மருந்தையும் ஏற்றச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். வடிவாம்பாளிடம், "நான் அவசரப்பட்டுவிட்டேன் அம்மா. குழந்தை அதிரசம் கேட்கிறாளே, என்ன செய்ய?" என்றான்.

"வைத்தியரைக் கேட்டு, ஊசி போட்டு, அவர் சொன்ன அளவுக்குக் குடுக்கிறேன் மகாராஜா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அரசே, கால் கடுக்கிறது. நான் உட்காரலாமா?" என்றார் சோமேசர்.

"காரணம் தெரிந்துவிட்டதா?"

"இல்லை, அரசே."

"அப்படியானால் நில்லும்."

உலகத்து வைத்தியர்கள் எத்தனையோ துப்புக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் முழுக் காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. சோமேசர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.