செத்தவளுக்கு பாஸ்போர்ட்

ஓட்டப்பந்தய வீராங்கனை மாரிக்கனி, அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் போட்டிக்காக பாஸ்போர்ட் கேட்டுப் போனாள். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவளை அதட்டினார்.

"நீ செத்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னு பதிவாகியிருக்கு. செத்தவங்களுக்கு பாஸ்போர்ட் கிடையாது."

"உயிரோட நிக்கிறேனே சார்!"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. கிளம்பு."

அப்போது கரண்ட் போனது. ஜன்னலில்லாத அந்த அறை இருண்டது. சில்லென்ற கை ஒன்று அதிகாரியின் மணிக்கட்டைப் பற்றியது.

"என்னை எங்க புதைச்சாங்கன்னும் அதுல இருக்கா சார்?" காதருகே அவள் குரல் மெல்லக் கேட்டது. "தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்களும் வாங்க."

"ஐயோ, விடு! நீ சாகல! உயிரோடதான் இருக்கே!"

அலறல் கேட்டு மேலதிகாரி டார்ச்சோடு ஓடிவந்தார். மாரிக்கனி கையை எடுத்தாள்.

"கேட்டீங்களா ஐயா? அதையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

மேலதிகாரி பேனாவை நீட்டினார். அதிகாரி அப்படியே எழுதிக் கொடுத்தார்.