ஒரே மாதிரி ரெண்டு துப்பாக்கி

கீழக்காட்டு ஜமீன்தாருக்கு எதிரே நிற்கிற யானையைக்கூடச் சுட வராது. வேட்டையில் அவர் சுடும் அதே நேரத்தில் பின்னால் புதருக்குள்ளிருந்து வேலைக்காரன் மாசானமும் சுடுவான். பன்றி விழும். மாலை மரியாதையெல்லாம் ஜமீன்தாருக்கு. நாளாக நாளாக, தானே சுட்டதாக அவரே நம்பிவிட்டார்.

ஒருநாள் இருவரும் மதுரைக்குத் துப்பாக்கி வாங்கப் போனார்கள். கடை நிறைய ஆட்கள். ஜமீன்தார் மீசையைத் தடவினார்.

"டேய், கலெக்டர் துரை என்கூட வேட்டைக்கு வர்றாரு. நீயே ஒரு துப்பாக்கியை எடு. என் குறி தப்புச்சுன்னா நீ குடியிருக்கிற என் வீட்டைக் காலி பண்ணிடணும்."

மாசானம் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, தோட்டா ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பார்த்தான். ஒன்று சிக்கியது, ஒன்று கனத்தது. கடைசியாக எடுத்தது வழுக்கிக்கொண்டு போனது.

"இது நல்லாருக்கு எசமான். இதே மாதிரி ரெண்டா வாங்கிருங்க."

"ரெண்டா? எனக்கென்ன நாலு கையாடா இருக்கு?"

"இல்ல எசமான். நீங்களும் நானும் ஒண்ணாச் சுடும்போது சத்தம் ஒரே மாதிரி கேக்கணும்ல? பழசு ரெண்டும் ரெண்டு விதமா வெடிக்குது. துரைக்குக் காது கூர்மையாம்."

கடைக்குள் யாரோ பலமாக இருமினார்கள்.

ஜமீன்தார் யாரையும் பார்க்காமல், "ரெண்டையும் கட்டுய்யா" என்றார். வீட்டைப் பற்றி அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை.