பெயர் கேட்க வந்த குவாரிக்காரர்

குவாரி முதலாளி கோதண்டம் வருவார் பின்னே, அவர் அதட்டல் வரும் முன்னே. அன்று அவர் நாலு ஆளோடு வந்து நின்றது, இணையதளங்களுக்குப் பெயர் பதிந்து தரும் அலுவலகத்தில், எழுத்தர் அஞ்சுகத்தின் மேசைக்கு முன்னால்.

"என் குவாரி வெடியில வீடெல்லாம் விரிசல் விடுதுன்னு ஒருத்தன் வெப்சைட்டுல படம் போட்டிருக்கான். பதிவுல அவன் பேரை மறைச்சு வெச்சிருக்கீங்க. யாரவன்? பேரை மறைக்கிறவன் எல்லாம் திருட்டுப்பயதான்!"

வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். பெயர் கிடைத்தால் இவர் என்னதான் செய்வார் என்று அஞ்சுகத்துக்கு ஒரே குறுகுறுப்பு.

"தாராளமா கேக்கலாங்க ஐயா," என்று ஒரு படிவத்தை நீட்டினாள். "உங்க பேரு, விலாசம், அந்த வெப்சைட்டுல எது பொய், அவர் பேரு எதுக்கு வேணும், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நியாயமா இருந்தா மேலதிகாரி குடுத்துடுவார். ஒரு நகல் மட்டும் அந்த வெப்சைட்டுக்காரருக்குப் போகும்."

கோதண்டம் பேனாவை எடுத்தார். அது நகரவே இல்லை. கடைசியில் குனிந்து, "என் பேரு எதுக்கும்மா? என் டிரைவர் பேரைப் போட்டுக்கோ," என்று கிசுகிசுத்தார்.

வரிசைக்கே கேட்கும்படி அஞ்சுகம் வெள்ளந்தியாகக் கேட்டாள்:

"பேரை மறைக்கிறவங்களை என்னமோ சொன்னீங்களே, அது என்னங்க ஐயா?"