பூவை யாரிடம் ஓடுவாள்?

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே. மலைக்கும் வயலுக்கும் நடுவே முன்னாளில் ஒரு சிறு நாடு இருந்தது. அதை ஆண்ட வெண்கொற்றன் எதையும் துருவித் துருவிக் கேட்பவன். இல்லறம் முறிந்து அவன் அவைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. "இது என்னுடையது" என்று யாரும் சொல்லக் கூடாது. கேட்கும் பொருளின் குணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த மாசாத்தனும் அவன் மனைவி அல்லியங்கோதையும் ஒரு நாள் அங்கே வந்தார்கள். இனிச் சேர்ந்து வாழ முடியாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். கொடிக்கால் யாருக்கு, காராம்பசு யாருக்கு, மகள் பூவை யாருக்கு என்பதில்தான் வழக்கு. அல்லியங்கோதை அவைக்கு வந்ததே பூவைக்காகத்தான்.

"கொடிக்காலின் குணம் என்ன?" என்றான் மன்னன்.

"மேல்காற்று அடித்தால் மேலைப் பாத்தி வாடும், மன்னா. காற்றைத் தடுக்க அங்கே அகத்தியை நெருக்கி நட்டேன்" என்றான் மாசாத்தன்.

மன்னன் அல்லியங்கோதையின் கட்டைவிரலை உற்றுப் பார்த்தான். இலை கிள்ளும் இரும்பு நகம் மாட்டி மாட்டி அது தழும்பேறியிருந்தது. "நட்டவன் நீ, கிள்ளியவள் இவள். கொடிக்கால் உனக்கு, விளையும் இலையில் பாதி இவளுக்கு."

"காராம்பசுவின் குணம் என்ன?"

"பரம சாது" என்றான் மாசாத்தன்.

அல்லியங்கோதை சிரித்துவிட்டாள். "இவரை மடியில் கை வைக்கச் சொல்லுங்கள், மன்னா. செம்பு ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் கிடப்பார். கன்றை முன்னால் கட்டி, நெற்றியைத் தடவினால்தான் அது பால் சுரக்கும்."

பசு அவளுக்கு என்று தீர்ப்பாயிற்று.

மூன்றாவது கேள்விக்கு மன்னன் மாசாத்தனை வெளியே நிற்கச் சொன்னான். "இடி இடித்தால் பூவை யாரிடம் ஓடுவாள்?"

அல்லியங்கோதை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். 'என்னிடம்' என்று ஒரு சொல் போதும். மறுத்துச் சொல்ல அங்கே எவரும் இல்லை.

"அவரிடம்தான்" என்றாள். "அவர் தோளில் முகம் புதைத்துக் காதைப் பொத்திக்கொள்வாள்."

"பொய் சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"பொய் சொல்லி அழைத்துப் போனால், அடுத்த இடிக்கு அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

மகள் கை நழுவிவிட்டாள் என்றே எண்ணி அவள் ஒதுங்கி நின்றாள். மாசாத்தன் உள்ளே வந்தான்.

"காய்ச்சல் வந்தால் பூவைக்கு யார் வேண்டும்?"

"அவள் அம்மாதான், மன்னா. நான் கஷாயம் கொடுத்தால் என் முகத்திலேயே துப்பிவிடுவாள்."

அவை சிரித்தது. மன்னன் சிரிக்கவில்லை.

"உங்கள் மண முடிச்சை அவிழ்த்துவிட்டேன். பூவையை உங்களில் யாருக்கும் கொடுக்கவில்லை. பூவைக்கு உங்கள் இருவரையும் கொடுக்கிறேன். கூப்பிடு தூரத்தில் இரண்டு வீடு கட்டுங்கள். நடுவில் வேலி கூடாது."

ஐப்பசியில் முதல் இடி இடித்தது. பூவை தாயின் மடியிலிருந்து துள்ளி எழுந்து, தந்தை வீட்டுக்கு ஓடினாள். அல்லியங்கோதை அவளைத் திருப்பி அழைக்கவில்லை. எதிர் வாசலில் இரண்டு கைகள் மகளைத் தூக்கும்வரை மழையில் நனைந்தபடி பார்த்திருந்து, பிறகு கதவைச் சாத்தினாள்.

கணவன் மனைவி பிரியலாம். ஆனால் பிள்ளையின் தேவையை உண்மையாகச் சொல்லும் கடமையிலிருந்து தாயும் தந்தையும் ஒருநாளும் பிரிய முடியாது.