கணக்கப்பிள்ளை நரியும் ஆடிக் காற்றும்

காடு என்றால் ஏரி இல்லாமலா? இந்தக் காட்டிலும் ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அதன் கரையில் வாழ்ந்த நரிக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். எதற்கும் ஒரு கணக்குப் போடாமல் அது வாயைத் திறக்காது.

ஏரிக்கரைக் கோரைப் புதருக்குள் செங்காலி என்ற நாரை கூடு கட்டியிருந்தது. கூட்டில் இரண்டு குஞ்சுகள். பார்த்தாலே நரிக்கு நாக்கில் எச்சில் ஊறும். தாயின் அலகை நினைத்தாலோ எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

குஞ்சுகள் முதன்முதலாகப் பறக்கும்போது தாய்மாமன் கூடவே இருக்க வேண்டும். அது நாரைகளின் வழக்கம். மாமனோ மேற்கே, மலைகளுக்கு அப்பால், வெகுதூரத்து ஏரியில் இருந்தது.

செங்காலி பக்கத்துப் புதரில் வாழ்ந்த நீர்க்கோழியிடம் போனது. "அக்கா, பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள். அண்ணனை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்."

"கவலைப்படாமல் போய் வா. நான் இருக்கிறேன்" என்றது நீர்க்கோழி.

நரி அன்றே பாய்ந்திருக்கலாம். ஆனால் பேராசை விடவில்லை. 'இப்போது எலும்பும் தோலுமாக இருக்கின்றன. தாய் திரும்புவதற்கு முதல் நாள் தின்றால் நன்றாகக் கொழுத்திருக்கும்' என்று பொறுத்துக்கொண்டது. சரி, தாய் என்றைக்குத் திரும்பும்?

ஐந்தாம் நாள் மாலை, மேற்கிலிருந்து ஒரு வாத்து வந்து இறங்கியது.

"அக்கா, செங்காலி அண்ணனிடம் சேர்ந்துவிட்டாள். எதிர்காற்றில் ஐந்து நாள் திண்டாடியிருக்கிறாள், பாவம்! இன்று காலை அவளைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன்" என்று நீர்க்கோழியிடம் சொன்னது.

ஒட்டுக்கேட்ட நரி துள்ளிக் குதித்தது. 'போக ஐந்து நாள். வரவும் ஐந்து நாள். அதே தூரம், அதே இறக்கை, பிறகென்ன? இன்றிலிருந்து நாலாம் நாள் எனக்கு விருந்து!'

அதுவரை வயிற்றைக் காயப்போட்டு, குகைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. நாலாம் நாள் காலையில், நீர்க்கோழி தண்ணீரில் இறங்கிய சமயம் பார்த்து, கோரைக்குள் தலையை நுழைத்தது.

உள்ளே நெட்டையாக இரண்டு சிவந்த கால்கள் நின்றன. பக்கத்தில் இன்னும் இரண்டு.

"யாரடா அது?" என்று கேட்ட மாமன் நாரை, மூக்கில் நச்சென்று ஒரு கொத்துக் கொத்தியது. தாய் சும்மா இருக்குமா? காதில் இன்னொரு கொத்து.

"ஐயோ! நீங்கள் நாளைக்கு அல்லவா வர வேண்டும்?" என்று அலறியது நரி.

செங்காலி சிரித்தது. "முந்தாநாளே வந்துவிட்டோமே! போகும்போது எதிர்த்து நின்ற ஆடிக் காற்று, வரும்போது முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டது. நீ எந்தக் காலத்தில் பறந்தாய், உனக்கு இதெல்லாம் தெரிய?"

வீங்கிய மூக்கோடு நரி ஓட்டம் பிடித்தது. மாமன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் நிற்க, குஞ்சுகள் அன்றைக்கே ஏரியைத் தாண்டிப் பறந்தன. நீர்க்கோழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நரிக்கோ அன்று ஒரு நண்டுகூடக் கிடைக்கவில்லை.

நீதி: தரையில் நடப்பவன் வானத்துப் பயணத்துக்குக் கணக்குப் போட்டால் ஏமாந்துதான் போவான்.