பதினாலு கோடு

ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் சிதம்பரவேல் பத்தொன்பது நாள் இருந்தார். சர்க்கரை ஏறிக் காலில் புண். புண் ஆறிவிட்டது. இனி வீட்டிலேயே தினமும் காலை எட்டு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். சிரிஞ்சில் பதினாலு கோடு. கூடினால் உயிருக்கு ஆபத்து. குறைந்தால் புண் திரும்பும்.

ஊசி போடத் தெரியும் என்று காட்டாமல் அந்த வார்டிலிருந்து யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். சிரிஞ்சில் சரியான கோடு வரை தண்ணீர் இழுத்துப் பழத்தில் ஏற்ற வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கும் நர்ஸ், 'போகலாம்' அல்லது 'போகக்கூடாது' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபக்கனி சிஸ்டர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பார்த்தார். கை நடுங்கவில்லை. கண்தான் ஏமாற்றியது. இருபத்திரண்டு கோடு இழுத்திருந்தார்.

"இது எத்தனைங்க ஐயா?"

"பதினாலுதான். உங்க கோடுதான் சிஸ்டர் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

ஜெபக்கனி 'போகக்கூடாது' என்று எழுதினார்.

மதியம் வேலைக்கு வந்த கோமதி சிஸ்டர், வீட்டில் மனைவி போட்டுவிடலாமே என்று செண்பகத்தை அழைத்தார். பதினாலாவது கோட்டைச் செண்பகம் உடனே தொட்டுக் காட்டினார். ஆனால் கை நடுங்கியது. ஊசி பழத்தோலில் சறுக்கி அவர் விரலிலேயே ஏறியது. கோமதியும் 'போகக்கூடாது' என்று எழுதினார்.

புதன்கிழமை காலை ரஹ்மத் சிஸ்டர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார். சிதம்பரவேல் இழுத்தார், செண்பகம் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுங்க. இன்னும். நிறுத்துங்க, கூடிப்போச்சு. ஒரு கோடு வெளிய தள்ளுங்க."

"ஊசிய விட இவ சத்தம்தான் சிஸ்டர் குத்துது."

ரஹ்மத் மூன்று தடவை செய்யச் சொன்னார். மூன்று தடவையும் பதினாலு. 'போகலாம்' என்று எழுதினார்.

"ரெண்டு பேருல ஒருத்தர் படுத்துட்டா?" என்று கேட்டார் ஜெபக்கனி.

"தெரியலக்கா" என்றார் ரஹ்மத்.

அன்று திருப்பூரிலிருந்து மகன் வந்திருந்தான். "அனுப்ப முடியாதுன்னா, நான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டு அப்பாவ எங்கூடக் கூட்டிட்டுப் போறேன். ஒத்த ரூம்ல இவங்க ரெண்டு பேருக்கும் எடமில்ல, அம்மா அக்கா வீட்டுல இருக்கட்டும். நானும் எம் பொண்டாட்டியும் ஆறு மணிக்கே கம்பெனிக்குக் கெளம்பிருவோம். ஊசிய அப்பா போட்டுக்கிடுவாரு" என்றான். செண்பகம் கணவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கேஸ் ஷீட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "ரெண்டு போகக்கூடாது, ஒரு போகலாம். நான் எதுல கையெழுத்துப் போட?"

மூன்று நர்ஸ்களும் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருந்தார்கள். இதில் யார் எழுதியது சரி?

விடை: 'போகக்கூடாது' என்பது பத்திரமான பதிலாகத் தோன்றுகிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், தனியாக விட்டால் இருபத்திரண்டு இழுப்பார் என்று ஜெபக்கனி கண்ட அதே மனிதர், திருப்பூரில் ஓர் அறையில் தனியாகச் சிரிஞ்சோடு உட்கார்ந்திருப்பார். 'போகலாம்' என்றால் இருவரும் ஒரே வீட்டில் இருப்பார்கள், பதினாலு வரும். ரஹ்மத் எழுதியதே சரி. என்றாலும் ஜெபக்கனியின் கேள்விக்கு ரஹ்மத்திடம் பதில் இல்லை, டாக்டரிடமும் இல்லை. அவர் 'போகலாம்' என்பதில் கையெழுத்திட்டு, ஒரு துண்டுச் சீட்டில் அவர்கள் ஊர்க் கிராம நர்ஸின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். செண்பகம் நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தார். சிதம்பரவேல் போனில் அழுத்தினார்.