போட்டோவில் இல்லாத பேச்சியம்மாள்

குலுக்கல் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்த காலம் அது. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட எங்கள் ஊர் மனமகிழ் மன்றம் சீட்டு விற்றது. முதல் பரிசான தையல் மிஷின், மன்றத்தில் டீ போடும் பேச்சியம்மாளுக்கே விழுந்தது.

தலைவர் சபாநாயகம் விதிப் புத்தகத்தை விரித்தார். "மன்ற ஊழியருக்குப் பரிசு கிடையாது. மறுபடி குலுக்குங்கப்பா!"

பேச்சியம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினாள். "ஐயா, அது மன்ற ஊழியருங்க போட்டோதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அன்னைக்குக் கல்யாணச் சேலை கட்டிக்கிட்டு நானும் வந்து நின்னேன். 'நீ ஊழியர் இல்ல, தள்ளி நில்லு'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் புத்தகத்தை மூடினார்.

அடுத்த வருஷப் போட்டோ இன்னும் அங்கே தொங்குகிறது. முன்வரிசையில் அதே கல்யாணச் சேலையில் பேச்சியம்மாள். பக்கத்தில் தலைவர், அவள் தைத்துக்கொடுத்த சட்டையில்.